பாதி வழியில் வீழ்ந்த பகைவன்

ஒரு கதையில் தலைவனுக்கு அடுத்தபடியாக ஆசிரியன் மிகுந்த கருத்தோடு படைக்க வேண்டியவர் யார் என்று வினவினால், தலைவி என்பார் சிலர். தோழன் என்பார் சிலர். நாம் பகைவன் என்போம். தலைவன் எத்துணை வலியன் என்பதைத் தலைவனே சொல்லிக்கொள்ள இயலாது. அவனை எதிர்த்து நிற்பவன்தான் அதனைச் சொல்ல வேண்டும். பகைவன் சிறியனாயின் அவனை வென்றவனும் சிறியனாகிறான். பகைவன் பெரியனாயின் வென்றவன் பெருமை தானே விளங்குகிறது.

இத்தகைய மலர்களில் சங்கப் பாடல்களையும் காப்பியங்களையும் நாவல்களையும் பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை நம் எழுத்துக்குப் பொருளாவது ஒரு வீடியோ விளையாட்டுத் தொடர். இலக்கிய மலரில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். ஆயினும், பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து வெளிமாநில நகரங்களில் வாழும் நம் இல்லங்களில், இன்றைய இளைஞர் கதை பெறும் இடங்களுள் இவ்விளையாட்டுத் திரையும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. அங்கே அவர்கள் ஒரு கதைக்குள் புகுகிறார்கள். வெளியே வந்தபின், 'இவ்வளவு நல்ல வில்லனை வீணாக்கிவிட்டார்களே!' என்று மனம் நொந்து தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். இந்தக் குறை வெறும் பொழுதுபோக்குக் குறைதானா, அன்றித் திறனாய்வு என்று மதிக்கத்தக்கதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடரும் அதன் இயல்பும்

தொடரின் பெயர் 'ஃபார் க்ரை'. இதன் முதல் விளையாட்டு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஆக்கியது ஜெர்மனியைச் சேர்ந்த கிரைடெக் நிறுவனம். வெளியிட்டது பிரான்சைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம். பின்னர்த் தொடரை யூபிசாஃப்டே தன் கூடங்களில் வளர்த்தது. இரண்டாம் விளையாட்டு 2008லும், மூன்றாவது 2012லும், நான்காவது 2014லும், ஐந்தாவது 2018லும், ஆறாவது 2021லும் வந்தன. ஒன்றன் கதை மற்றொன்றில் தொடர்வதில்லை. நாடு வேறு, தலைவன் வேறு, பகைவன் வேறு. ஆட்டத்தின் அமைப்பு மட்டுமே பெரும்பாலும் ஒன்று.

இவ்வகை விளையாட்டை அறியாத பெரியோர் பொருட்டு அவ்வமைப்பினைச் சுருங்கச் சொல்வோம். ஆடுபவர் கதைத்தலைவனின் கண்களாலேயே உலகைக் காண்கிறார். திரையில் தெரிவன அவனுடைய இரு கைகளும் அவற்றில் ஏந்திய படைக்கலமுமே. விரிந்ததொரு தீவோ மலைநாடோ அவர்முன் கிடக்கும். பகைவரின் காவல் நிலைகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றலாம். வானொலிக் கோபுரத்தின்மீது ஏறிச் சுற்றுப்புறத்தின் நிலப்படத்தைத் துலக்கலாம். விலங்கு வேட்டையாடித் தோலால் பை தைத்துக்கொள்ளலாம். எதனை முன்னர்ச் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்பது ஆடுபவரின் விருப்பம். இந்த உரிமையே இவ்விளையாட்டின் கவர்ச்சி. இதுவே அதன் இடர்ப்பாடும் ஆகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒன்றைப் பெற்றோர்க்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொலையும் கொடுமையும் மலிந்த இவ்விளையாட்டு ஐரோப்பியத் தரவரிசைப்படி 18 வயது நிரம்பியோர்க்கே உரியது. இதனைச் சிறுவர் கையில் கொடுக்குமாறு நாம் பரிந்துரைக்கவில்லை. வயது வந்த இளைஞர் இதில் எதனைக் கண்டு மகிழ்ந்தனர், எதனைக் காணாது வருந்தினர் என்பதே நம் ஆராய்ச்சி.

வாஸ் என்னும் பகைவன்

மூன்றாம் விளையாட்டின் கதை பசிபிக் பெருங்கடலில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ரூக் தீவுகளில் நிகழ்கிறது. ஜேசன் பிராடி என்னும் அமெரிக்க இளைஞன் தன் உடன்பிறந்தார் இருவரோடும் நண்பரோடும் விடுமுறைக்கு வருகிறான். வானிலிருந்து குதித்து விளையாடியவர்கள் கடற்கொள்ளையர் கையில் சிக்குகிறார்கள். பணயம் பெற்றபின் அடிமைகளாக விற்பது கொள்ளையரின் திட்டம். அக்கொள்ளையர் தலைவனே வாஸ் மான்டிநீக்ரோ.

கதையின் தொடக்கம் நோக்கத்தக்கது. இளைஞர்கள் ஆடிப்பாடி மகிழும் விடுமுறைக் காட்சிகள் திரையில் ஓடுகின்றன. நாம் கதையின் முகப்பைக் காண்கிறோம் என்று எண்ணியிருக்கையில், அக்காட்சிகள் ஒரு கைப்பேசியில் ஓடுவன என்பதும், அக்கைப்பேசி வாஸின் கையில் இருப்பதும், நாம் கூண்டுக்குள் கட்டுண்டு கிடப்பதும் ஒருங்கே புலனாகின்றன. நம் மகிழ்ச்சியை நமக்கு முன்னரே பார்த்து முடித்துவிட்ட ஒருவன் அதனைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்து நகைக்கிறான். பகைவனை அறிமுகம் செய்ய இதனினும் சுருக்கமான வழி இல்லை.

கூண்டிலிருந்து தமையன் கிராண்ட்டும் ஜேசனும் தப்புகிறார்கள். வாஸின் துப்பாக்கிக் குண்டு தமையனின் கழுத்தில் பாய்கிறது. தம்பியின் கைகளிலேயே அவன் உயிர் விடுகிறான். இக்கணத்தில் வாஸ் கதையின் பகைவன் என்ற நிலையினின்று மாறி நம் பகைவன் ஆகிறான். ஏனெனில் குருதியைத் தடுக்க முயன்று தோற்ற கைகள் திரையில் நம் கைகளாகவே தோன்றுகின்றன.

பின்னர் மும்முறை வாஸ் ஜேசனைக் கொன்றுவிட்டதாகவே கருதுகிறான். காதலியோடு சேர்த்துக் கட்டி எண்ணெய் ஊற்றித் தீ மூட்டுகிறான். ஒருமுறை கற்கட்டியோடு பிணித்து நீருக்குள் உதைத்துத் தள்ளுகிறான். மற்றொரு முறை நெஞ்சை நோக்கிச் சுடுகிறான். பிணக்குவியலிடையே ஜேசன் கண்விழிக்கிறான். நீரில் தள்ளுமுன் வாஸ் பித்து என்பதற்கு ஓர் இலக்கணம் வகுக்கிறான். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, பயன் மட்டும் வேறாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே பித்து என்பது அதன் சாரம். இப்பேச்சு உலகெங்கும் விளையாட்டு ஆர்வலர் நினைவில் நிலைத்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. ஒரே மனிதனைத் திரும்பத் திரும்பக் கொல்லும் வாஸுக்கு அவ்விலக்கணம் பொருந்துகிறது. மாண்டு மாண்டு மீண்டும் தொடங்கும் ஆட்டக்காரருக்கும் பொருந்துகிறது. பகைவன் தன்னைப் பற்றிப் பேசும்போதே ஆடுபவரையும் பற்றிப் பேசிவிடுகிறான்.

இப்பாத்திரத்துக்குக் குரலும் உடலசைவும் தந்தவர் கனடா நடிகர் மைக்கேல் மாண்டோ. முகச்சாயலும் அவருடையதே. சிரிப்பினின்று சினத்துக்கும், சினத்தினின்று சோர்வுக்கும் ஒரே மூச்சில் மாறும் அவரது நடிப்பு, திரைப்பட நடிகர்க்கு நிகராக விளையாட்டுப் பாத்திரமும் மனத்தில் நிற்க முடியும் என்று காட்டியது.

வீழ்ச்சியும் வெறுமையும்

இத்தகைய பகைவன் கதை முடியுமுன்னரே, ஏறத்தாழ நடுவழியில், வீழ்ந்துவிடுகிறான். அவனுடைய கோட்டைக்குள் ஜேசன் நுழைகிறான். மயக்கக் காட்சியொன்று விரிகிறது. இருளினின்று பல வாஸ்கள் தோன்றுகிறார்கள். திரையில் காட்டப்படும் விசைகளை அழுத்த அழுத்த ஜேசனின் கத்தி இறங்குகிறது. இத்தனை நேரம் ஆடுபவர் கற்ற வில்லும் வேட்டையும் பதுங்கலும் இங்கே பயன்படவில்லை. கண் விழிக்கும்போது பகைவன் இல்லை.

அதன்பின் கதை தென்தீவுக்குச் செல்கிறது. அங்கே ஹோய்ட் வோல்கர் என்பவன் ஆள்கிறான். அடிமை வாணிகமும் போதைப்பொருள் வாணிகமும் அவன் தொழில். வாஸுக்கும் எசமானன் அவனே. ஹோய்ட் சிறிய பாத்திரம் என்று சொல்லிவிட முடியாது. சீட்டாட்ட மேசையில் ஜேசனின் விரலைத் துண்டிக்கும் அவனது கொடுமை நடுங்கச் செய்வதே. எனினும் ஆடுபவரின் நெஞ்சில் அவன்மீது பழம்பகை இல்லை. தமையனைக் கொன்றவன் வேறொருவன். அந்தக் கடன் முன்னரே தீர்ந்துவிட்டது. அலுவலக மேசையில் பழகியோர்க்கு ஓர் உவமை சொல்வோம். இறுதி ஆணை பெறாத ஒரு கோப்பினைப் பதிவறைக்கு அனுப்பிவிட்டு, அதே பொருள்மீது புதிய கோப்பு ஒன்றைத் திறந்தது போன்றது இது. தாள்கள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். வழக்கின் உயிர் மட்டும் பழைய கோப்பில் கிடக்கும்.

2012இல் இவ்விளையாட்டு வெளிவந்தபின் ஆர்வலரிடையே எழுந்த மனக்குறை இதுவே. விளையாட்டைப் பாராட்டியவர்களே இக்குறையையும் சொன்னார்கள். மணற்பரப்பில் தலை மட்டும் தெரியப் புதைக்கப்பட்ட ஒருவனின் அருகில் வாஸ் அமர்ந்திருக்கும் படமே விளையாட்டின் உறையை அலங்கரித்தது. உறையில் கண்ட முகத்தை இரண்டாம் பாதியில் காணோமே என்பது அவர்களின் ஏக்கம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இக்குறையை மறுப்போரும் உளர். குறைந்த நேரம் தோன்றியதால்தான் வாஸ் பெரியவனாகத் தெரிகிறான். இறுதிவரை இருந்திருந்தால் அவன் பேச்சும் சலித்திருக்கும் என்பது அவர்கள் கூற்று. இது எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. நம் சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கோவலன் உயிர்போகக் காரணமான மதுரைப் பொற்கொல்லன் காப்பியத்தில் தோன்றும் இடம் மிகச் சிறிது. அவன் பெயரைக்கூட இளங்கோவடிகள் நமக்குத் தரவில்லை. ஆயினும் பொற்கொல்லனை வீணாக்கிவிட்டார் அடிகள் என்று எவரும் குறை கூறியதில்லை.

ஏன் கூறவில்லை? காப்பியம் பொற்கொல்லனை நமக்கு வாக்களிக்கவில்லை. ஊழ்வினை தன் வேலையை முடிக்க எடுத்துக்கொண்ட ஒரு கருவியாகவே அவன் வந்து போகிறான். கண்ணகி வழக்குரைப்பதும் அவனோடு அன்று, அரசனோடு. ஆகவே அவன் மறைவதால் கதையில் வெற்றிடம் உண்டாகவில்லை. வாஸின் நிலையோ வேறு. முதற்காட்சியில் கதையைக் கையில் பிடித்திருப்பவன் அவன். தமையனின் குருதிக்கு விடை சொல்ல வேண்டியவன் அவன். விற்பனை உறையில் வாங்குவோரை அழைத்தவனும் அவனே. ஒரு பாத்திரம் எத்தனை நாழிகை தோன்றுகிறது என்பது அளவுகோல் ஆகாது. படைப்பு அப்பாத்திரத்தைக் காட்டி எதனை வாக்களித்தது, வாக்களித்ததில் எவ்வளவு கொடுத்தது என்பதே அளவுகோல். சுவரொட்டியில் பெரிய நடிகரின் முகத்தைத் தீட்டிவிட்டுப் படத்தில் இரண்டு காட்சியோடு அனுப்பிவிடும் திரைப்படங்களைக் கண்டு சலித்த நமக்கு இவ்வளவுகோல் புதிதன்று.

இழந்தது யாது?

ஆர்வலர்கள் தாம் இழந்தது வாஸின் பேச்சையும் நடிப்பையும் என்று எண்ணுகிறார்கள். இழப்பு அதனினும் ஆழமானது என்பது நம் துணிபு.

வாஸ் யார்? தீவின் பழங்குடியினரான ராக்யாட் மக்களின் தலைவி சிட்ராவின் உடன்பிறந்தவன். போதைக்கும் பொருளுக்கும் ஆட்பட்டு ஹோய்டிடம் போய்ச் சேர்ந்தவன். ஜேசன் யார்? அதே சிட்ராவின் படைவீரனாகி, கையில் பச்சை குத்திக்கொண்டு, கொல்வதில் சுவை காணத் தொடங்கியிருப்பவன். முன்னவன் போய் விழுந்த பாதையில் பின்னவன் இப்போது நடக்கிறான். ஆகவே வாஸ் ஜேசனுக்கு முன்னே வைக்கப்பட்ட கண்ணாடி. பகைவனைக் கொல்லுந்தோறும் பகைவனாகவே மாறிவருகிறான் தலைவன் என்பதே இக்கதையின் கரு.

இக்கருவுக்குச் சான்று கதைக்குள்ளேயே இருக்கிறது. தீ மூட்டும் காட்சியில் வாஸ் அன்புக்குரியோரைப் பற்றிப் பேசுகிறான். நாம் நேசிப்பவர்களே நம்மை மடக்குகிறார்கள், அவர்களா நானா என்று கேட்டுத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள் என்று புலம்புகிறான். அவ்வேளையில் அது பித்தனின் பிதற்றலாகத் தோன்றும். ஆனால் கதையின் இறுதிக் காட்சியில் நிகழ்வது யாது? ஜேசனின் நண்பர்களைச் சிட்ரா கட்டி வைத்திருக்கிறாள். அவர்களைக் கொன்று தன்னோடு இருப்பதா, அவர்களைக் காத்துத் தன்னைத் துறப்பதா என்னும் தேர்வை அவன்முன் வைக்கிறாள். அவர்களா, நானா? வாஸ் என்றோ நின்ற அதே இடத்தில் ஜேசன் வந்து நிற்கிறான். பித்தன் சொன்னது பிதற்றல் அன்று. வரப்போவதை முன்னுரைத்த சொல்.

இவ்வளவு நுட்பமான கட்டுமானத்தை அமைத்த ஆசிரியர்கள், இரண்டாம் பாதியில் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். வாஸ் சாவது பிழையன்று. அவன் சாவும் கதைக்கு வேண்டுவதே; அவனைக் கொன்றவன் அவனாகவே மாறுவது அதன்பின் நிகழலாம். ஆனால் இறந்தவனின் நினைவு கதையில் இருந்திருக்க வேண்டும். உடன்பிறந்தவனை இழந்த சிட்ராவுக்காகவேனும் கதை ஓரிடத்தில் நின்று இரங்கியிருக்க வேண்டும். அவ்வாறு நின்றிருந்தால், 'நீயும் ஒருநாள் அவனைப்போல் ஆவாய்' என்னும் அச்சம் ஜேசனைத் தென்தீவிலும் தொடர்ந்திருக்கும். இறுதித் தேர்வைச் சந்திக்கும் ஆடுபவர், இதே கேள்வியை முன்னர் ஒருவன் சொல்லக் கேட்டோமே என்று திடுக்கிட்டிருப்பார்.

வீழ்ந்த பகைவனை நினைவுகூர்வது எத்துணைப் பயனுடையது என்பதற்குப் புறநானூறு ஒரு சான்று தருகிறது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். தோற்ற சேரன் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, உன்னினும் அவன் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். அப்பாடலால் கரிகாலன் சிறுமையுறவில்லை. தன் பகைவனின் உயர்வைச் செவியேற்ற வேந்தன் என்று இன்றளவும் நாம் அவனை அறிகிறோம். ரூக் தீவுகளில் அத்தகைய குரல் ஒன்று எழவில்லை. ஆகவேதான் ஜேசனின் வெற்றி காதில் விழாத முரசாக முடிந்தது.

காரணம்: கட்டப்பட்ட கைகள்

இக்குறை ஒரு விளையாட்டில் மட்டும் தோன்றியிருந்தால் ஆசிரியரின் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். தொடர் முழுவதும் இது வெவ்வேறு வடிவில் தோன்றுகிறது. எனவே காரணத்தை ஆட்ட அமைப்பிலேயே தேட வேண்டும்.

வாஸை நாம் சந்தித்த இடங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். கூண்டில் கைகள் கட்டுண்டிருந்தன. தீயிலும் கட்டு, நீரிலும் கட்டு. ஆடுபவரின் கையில் துப்பாக்கி உள்ளபோது பகைவன் எதிரே வந்து நின்று பேச முடியாது. பேசத் தொடங்குமுன் ஆடுபவர் சுட்டுவிடுவார். ஆகவே பகைவன் பேச வேண்டுமாயின் ஆடுபவரின் கைகளைக் கட்ட வேண்டும். ஆனால் இவ்விளையாட்டு விற்பதோ கட்டற்ற உரிமையை. உரிமையைப் பெருக்கினால் பகைவன் ஒதுங்குகிறான். பகைவனைக் கொணர்ந்தால் உரிமை சுருங்குகிறது. இம்முடிச்சை அவிழ்க்கவே ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொரு வழியை நாடியது.

2008இல் வந்த இரண்டாம் விளையாட்டில் ஜாக்கல் என்னும் படைக்கல வணிகன் பகைவன். பெயர் சுட்டாத ஆப்பிரிக்க நாடொன்றில், மலேரியாவில் படுக்கையில் கிடக்கும் தலைவனைத் தேடிவந்து அவன் தத்துவம் பேசுகிறான். அங்கே கைகளைக் கட்டியது காய்ச்சல். அதன்பின் கதையின் பெரும்பகுதியில் அவன் கண்ணுக்கு எட்டுவதில்லை.

2014இல் வந்த நான்காம் விளையாட்டில் கீராத் என்னும் கற்பனை இமயமலை நாட்டை ஆளும் பேகன் மின் பகைவன். அவனை ஆசிரியர்கள் குரலாக்கினார்கள். ஆடுபவர் மலையேறுகையில் வானொலிக் கருவி வழியே அவன் பேசிக்கொண்டே வருவான். ஈண்டுப் பாராட்டத்தக்க நுட்பம் ஒன்றும் உண்டு. தாயின் அஸ்தியைச் சேர்க்க வந்த அஜய் கலே என்னும் இளைஞனை விருந்துக்கு அமர்த்திவிட்டு, சற்றுக் காத்திருக்குமாறு சொல்லிப் பேகன் வெளியே செல்கிறான். ஆடுபவர் எவரும் தப்பி ஓடவே முனைவர். ஓடாமல் கால்மணி நேரம் அளவு பொறுமையோடு அமர்ந்திருப்பவரிடம் பேகன் திரும்பி வருகிறான். அஸ்தியைச் சேர்க்க வேண்டிய இடத்துக்குத் தானே அழைத்துச் செல்கிறான். கதை அங்கேயே முடிகிறது. ஆடுபவர் தம் கைகளைத் தாமே கட்டிக்கொண்டால் பகைவன் உள்ளத்தைத் திறப்பான் என்பது இதன் உட்பொருள். தொடர் கண்ட விடைகளுள் இதுவே சிறந்தது என்போம்.

2018இல் வந்த ஐந்தாம் விளையாட்டு வன்மையான வழியைத் தேர்ந்தது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஒரு சமயக்கூட்டத்தை நடத்தும் ஜோசப் சீட் பகைவன். அவனுடைய உடன்பிறந்தார் என வழங்கப்படும் மூவர் மூன்று பகுதிகளை ஆள்கிறார்கள். ஆடுபவரின் செயல்கள் ஓரளவைக் கடந்ததும், அவர் எங்கிருந்தாலும் எது செய்துகொண்டிருந்தாலும் பிடித்துச் செல்லப்படுவார். அறிவுரை கேட்டாக வேண்டும். ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவனையும் இழுத்துச் சென்றால் அவனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அடிக்கடி தோன்றுவதால் மட்டும் பகைவன் உயர்வதில்லை என்பதற்கு இது சான்று.

2021இல் வந்த ஆறாவதோ மறு எல்லைக்குச் சென்றது. யாரா என்னும் கற்பனைக் கரிபியத் தீவின் கொடுங்கோலன் ஆன்டன் காஸ்டில்லோவாக நடித்தவர் உலகறிந்த நடிகர் ஜான்கார்லோ எஸ்பொசிட்டோ. தன் மகன் டியாகோவை அரியணைக்குப் பழக்கும் தந்தை என்ற முறையில் அப்பாத்திரத்துக்குத் துன்பியல் நாடகத்துக்குரிய தகுதி இருந்தது. ஆயினும் அவனைத் தலைநகரிலேயே நிறுத்திவிட்டார்கள். தந்தையும் மகனும் பேசும் காட்சிகள் ஒருபுறம் நடக்க, நம் தலைவன் வேறொரு மூலையில் காவல் நிலைகளைக் கைப்பற்றிக்கொண்டிருப்பான். இறுதியில் காஸ்டில்லோ மகனைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொள்ளும்போது, நமக்கும் அவனுக்கும் இடையே போதிய பழக்கம் இல்லாமையால் அத்துயரம் நெஞ்சை முழுதும் தொடுவதில்லை. ஆர்வலரின் பழைய குறை மீண்டும் எழுந்தது.

ஒன்பது ஆண்டுக்குப் பின்

அதே 2021ஆம் ஆண்டு நவம்பரில், ஆறாம் விளையாட்டின் துணைப்பகுதியாக வாஸ் திரும்பி வந்தான். மாண்டோவே மீண்டும் நடித்தார். இம்முறை ஆடுபவர் வாஸாகவே ஆடுகிறார். களம் அவனுடைய மனம். மூன்று துண்டாகப் பிரிந்த வாள் ஒன்றைத் தேடி அவன் தன் நினைவுகளுக்குள் அலைகிறான். இறந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செய்ததையே திரும்பச் செய்வது பித்து என்று முன்னர்ச் சொன்னவன், இப்போது அதனையே ஆட்டமாக ஆடுகிறான். சிட்ராவோடு அவனுக்கிருந்த பிணைப்பும் புண்ணும் இங்கேதான் அவன் பக்கத்திலிருந்து காட்டப்படுகின்றன.

இதனை நாம் இரு வகையாக மதிப்பிடுகிறோம். ஆர்வலர் முன்னர்ச் சொன்ன குறை உண்மையானது என்பதற்கு இது ஒரு சான்று. சலித்துப்போன பாத்திரத்தை ஒன்பது ஆண்டு கழித்து எந்த நிறுவனமும் அழைக்காது. எனினும் 2012இல் எழுந்திருக்க வேண்டிய இரங்கற்குரல் 2021இல், வேறொரு கதையின் பின்னிணைப்பாக, தனியே விலைக்கு வந்தது. உரிய இடத்தில் அமையாத நல்ல காட்சி, மணம் முடிந்து பல்லாண்டு கழித்து வந்த வரிசைத் தட்டைப் போன்றது. வாங்கி வைத்துக்கொள்ளலாம், அன்றைய பந்தலில் இருந்த வெறுமையை அது நிரப்பாது.

நமக்கு இதனால் ஆவது என்ன?

மூத்தோர்க்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். நம் பிள்ளைகள் தமிழ் படிப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். கதைகளைப் பற்றி அவர்கள் சிந்திப்பதோ பிற மொழிகளில். ஆதலால் அவர்கள் சிந்திக்கவே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வில்லனை வீணாக்கிவிட்டார்கள் என்று ஓர் இளைஞன் சொல்லும்போது, அவன் உண்மையில் சொல்வது என்ன? இக்கதை ஒன்றை வாக்களித்தது, கொடுக்கவில்லை என்கிறான். பகைவன் குறைந்ததால் தலைவனும் குறைந்தான் என்கிறான். கதையின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் இயைபு இல்லை என்கிறான். பாத்திரம், இயைபு, முடிவு என்று நாம் மேடையில் விரித்துரைக்கும் இலக்கணமெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. கலைச்சொற்கள் மட்டுமே அவனிடம் இல்லை.

அச்சொற்களைக் கொடுப்பது நம் கடமை. விளையாட்டை அணைத்துவிட்டு வா என்பதற்கு முன், அவன் ஏன் வீணானான் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். விடை நீண்டு வரும். அது முடிந்தபின், தோற்றவனைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரைப் பற்றிச் சொல்லுங்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அப்புலவர் எதனைக் கேட்டாரோ, தன் அறையில் விளையாட்டுக் கருவியோடு அமர்ந்திருக்கும் பிள்ளையும் அதனையே கேட்கிறான் என்பது இருவருக்கும் விளங்கும். சங்கப் பாடல் அன்று முதல் அவனுக்குப் பாடப்புத்தகத்துப் பொருளாக மட்டும் இராது. அவன் கேட்ட கேள்விக்கு வந்த விடையாக இருக்கும்.